கடைசி நாட்களும் துக்க வீடும்: உடனிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், துக்க வீட்டு வாசலில் என்ன பேசுவதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றியபடி தயங்கி நிற்பவர்களுக்கும் இந்தப் பக்கம். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

டாக்டர் "இனி வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். சிகிச்சை முடிந்ததா?

நோயைக் குணப்படுத்தும் முயற்சி முடிந்திருக்கலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், பயம் இவற்றுக்கான சிகிச்சை இனிமேல்தான் முழுமூச்சாக நடக்க வேண்டும். வலி தணிப்பு மற்றும் ஆதரவு சிகிச்சை என்பது இதுதான். 1967இல் லண்டனில் இதற்கென்றே ஓர் இல்லம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்று ஒன்றைச் சொன்னார். உடம்பு வலி, மனவேதனை, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மனதை அரிக்கும்போது மாத்திரை மட்டும் கொடுத்தால் வலி அடங்காது.

சென்னையில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாத்தூர் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இந்தச் சிகிச்சையைத் தருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இவற்றை எழுத்தில் வாங்காமல் கிளம்ப வேண்டாம்: நோயின் நிலையைச் சொல்லும் சுருக்க அறிக்கை, எந்த மருந்து எந்த நேரம் என்ற பட்டியல், ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற எண். இந்த மூன்றாவதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா? பழக்கமாகிவிடுமா?

இரண்டும் இல்லை, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்வரை. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக நடக்கும் தப்பு, "இப்ப வலி இல்லையே, மாத்திரையை மிச்சம் பிடிப்போம்" என்று ஒரு வேளையைத் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்டால் வலி தலைதூக்கிவிடும். அதைப் பழையபடி அடக்க இன்னும் அதிக மருந்து தேவைப்படும்.

பொதுவாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கு அதற்கும் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவும் இடைவெளியும் மாறும் என்பதால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருந்து தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. அதனால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பல நாள் எடுத்துக்கொண்ட பிறகு சட்டென்று நிறுத்தக் கூடாது. இது கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல், நான்கு நாள் முன்பே போய் வாங்கி வையுங்கள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்கிறார்கள் வீட்டில். மறைப்பது சரியா?

மறைப்பவர்களைக் குற்றம் சொல்லவே முடியாது. பாசத்தினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் உடம்பு யாருடையதோ அவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. அவர் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் நடிக்க, பிள்ளைகள் அவருக்காக நடிக்க, பேச வேண்டியது எதுவும் பேசப்படாமலேயே போகும்.

எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க வேண்டாம். "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாருன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அடுத்து, "எல்லா விவரமும் உங்ககிட்ட சொல்லணுமா, இல்ல பெரியவன்கிட்ட பேசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சிலர் "அவன்கிட்டயே பேசிக்கோ" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான். "நான் பிழைப்பேனா?" என்று நேராகக் கேட்டால் பொய் வேண்டாம். "நோய் கேட்கல. வலி இல்லாம பாத்துக்க எல்லாம் செய்றோம். நாங்க கூடவே இருக்கோம்" என்பது போதும்.

சாப்பாடே இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வராதா?

பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்ற இந்தப் பயம் தாய்மார்களையும் மனைவிமார்களையும் மிகவும் வதைக்கிறது. கடைசி நாட்களில் உடம்பு மெல்ல அடங்குவதால் பசி போகிறது. சாப்பிடாததால் சாவு வருவதில்லை. அந்தக் கட்டத்தில் ஏற்றும் குளுக்கோஸ் பெரும்பாலும் கை கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் சேரும். கேட்டால் ஒரு ஸ்பூன் மோர், ஒரு வாய் இளநீர், சின்ன ஐஸ் துண்டு கொடுங்கள். கேட்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வாய் உலர்வதுதான் பெரிய அவஸ்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான துணியையோ பஞ்சையோ நனைத்துப் பிழிந்து, ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு என்று மெதுவாகத் துடைத்து, உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சோறு ஊட்ட முடியாமல் தவிக்கும் கைக்கு இதுவே செய்யக்கூடிய வேலை.

இழுத்துக்கொண்டிருக்கிறது. பால் ஊற்றலாமா?

கடைசி ஒன்றிரண்டு நாளில் தூக்கம் கூடும். கை கால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் கருநீலத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாகி, குறைந்து, அரை நிமிடம்கூட நின்று, மறுபடி வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்கி நிற்பதுதான் காரணம். பார்ப்பவர்களுக்குப் பதறுகிற அளவுக்கு, நினைவு மங்கிய அவருக்கு அதனால் வேதனை இருப்பதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். சத்தம் பெரும்பாலும் குறையும்.

விழுங்கும் திறன் போனவர் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்த் திணறும். 'ஆசை தீரல' என்று மண்ணைக் கரைத்து ஊற்றுவதும் இதே ஆபத்துதான். சடங்கை விடச் சொல்லவில்லை. விரலைப் பாலில் தோய்த்து ஒவ்வொருவராக உதட்டில் தொட்டு வைக்கலாம். எல்லோரும் செய்த நிறைவும் இருக்கும், அவரும் திணற மாட்டார்.

காது கடைசிவரை கேட்கக்கூடும். கட்டிலருகே நின்று சொத்துப் பேச்சும், "இன்னும் எத்தனை நேரம்?" என்ற பேச்சும் வேண்டாம். யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி, கையைப் பிடித்துப் பேசுங்கள். தேவாரமோ ஜெபமோ ஓதலோ, அவருக்குப் பிடித்த பழைய பாட்டோ, அவர் பழக்கம் எதுவோ அது. உங்கள் நம்பிக்கையை அவர்மேல் ஏற்ற வேண்டாம்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தால் போலீஸ் வருமா? 108ஐக் கூப்பிட வேண்டுமா?

எதிர்பார்த்த, நோயால் வந்த இறப்புக்குப் போலீஸ் தேவையில்லை. கடைசி மூச்சைப் பார்த்துப் பதறி ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அவசரப் பிரிவில் நெஞ்சை அழுத்துவார்கள், தொண்டையில் குழாய் போடுவார்கள். வழியிலேயே உயிர் போயிருந்தால் 'கொண்டுவரும்போதே இறந்திருந்தார்' என்று எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் போய், சில நேரம் பிரேதப் பரிசோதனை வரை இழுக்கும். வீட்டில்தான் என்று முடிவெடுத்திருந்தால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே "வீட்டுல ஆச்சுன்னா நீங்க வந்து பார்த்து சர்டிஃபிகேட் தருவீங்களா?" என்று கேட்டு வையுங்கள். அவர் தரும் இறப்புக் காரணச் சான்று (படிவம் 4ஏ) மயானத்திலும் மாநகராட்சிப் பதிவிலும் வேண்டியிருக்கும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி எண் 155377.

'வெண்டிலேட்டர் வேண்டாம்' என்று முன்பே எழுதி வைக்க முடியுமா?

முடியும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிரம்பியவர் நல்ல நினைவோடு எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். தனக்காக முடிவெடுக்கும் நபரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. அந்த நபரிடமும் டாக்டரிடமும் பிரதி இருக்கட்டும்.

உயிர் போன முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது?

கண் தானம் செய்வதென்றால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, கண் வங்கிக்குச் சொல்லுங்கள். முகம் விகாரமாகாது.

அடுத்தது ஃப்ரீசர் பெட்டி. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டும் என்று உடனே பெட்டியை வரவழைத்து மூடிவிடுகிறார்கள். மூடியபின் கண்ணாடியைத்தான் தடவ முடியும். அதற்கு முன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கால் மணி நேரம் அறையை ஒழித்துக் கொடுங்கள். தலையைக் கோதிவிட, கையைப் பிடிக்க, காதில் ஏதாவது சொல்ல அதுதான் நேரம். பெண்கள் மயானத்துக்கு வர விரும்பினால் "நம்ம வழக்கம் இல்ல" என்று தடுக்கும் முன், அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

துக்கம் விசாரிக்கப் போனால் என்ன சொல்வது?

கொஞ்சமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடியுங்கள். "என்ன சொல்றதுன்னே தெரியல, அக்கா" என்பது நல்ல பேச்சுதான், ஏனென்றால் அது உண்மை. இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒன்றைச் சொல்லலாம்: "எனக்கு முதல் வேலை கிடைச்சப்போ உங்க வீட்டுக்காரர்தான் பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தார்." கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாத நம் வழக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பேசாமல் எழுந்து போவதையும் நாம் மரியாதையாக ஏற்றிருக்கிறோம்.

"எல்லாம் விதி", "நல்லவங்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்", "கல்யாண சாவுதானே", "நீ அழுதா பிள்ளைங்களை யார் பாக்குறது?" இவையெல்லாம் ஆறுதலாகத்தான் சொல்லப்படுகின்றன. கேட்பவருக்கோ வாயை அடைத்ததுபோல் இருக்கும். 88 வயதில் போனாலும் அம்மா அம்மாதான். "முன்னாடியே காட்டியிருக்கலாமே", "குடிச்சுக் குடிச்சே போயிட்டார்" இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே ஆயிரம் முறை போட்டாகிவிட்டது.

சாவு வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு வேலை உண்டு. அடுப்பு பற்ற வைக்காத அந்த வீட்டில் வயதானவர்களின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அலமாரியிலேயே கிடக்கும். அல்லது சாப்பிடாமல் இன்சுலின் மட்டும் போட்டிருப்பார்கள். வியர்வை, நடுக்கம், குழறல் வந்தால் 'துக்கத்துல மயங்குறாங்க' என்று விட்டுவிடுவார்கள். அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. நெஞ்சுவலி என்றாலும் 108தான். துணையை இழந்த முதல் நாட்களில் மாரடைப்பு அபாயம் கூடுதல். யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓயாமல் அழுகிறாள். அல்லது, அழவே இல்லை. எது கவலைக்குரியது?

இரண்டுமே இயல்பு. ஒப்பாரியில் இறந்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, செய்ததையெல்லாம் அடுக்கி, விட்டுப்போன கோபத்தையும் சொல்லி அழுவார்கள். கட்டிப்பிடித்திருப்பவர்கள் அடுத்த அடியை எடுத்துக்கொள்வார்கள். அடுக்குமாடி வீடுகளில் இன்று "மெதுவா, பக்கத்து ஃபிளாட்ல கேக்கும்" என்று அடக்குகிறோம். அடக்க வேண்டாம். அழாமல் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு சுற்றுபவரையும் "கல்நெஞ்சு" என்று சொல்ல வேண்டாம். சிலருக்கு அழுகை மூன்று மாதம் கழித்து, ரேஷன் கடை வரிசையில் வரும்.

பொட்டு, பூ, வளையல் சடங்கு?

கணவரை இழந்த பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தின் நடுவில் அல்ல. "உனக்கு இது வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா நான் பேசிக்கறேன்." வேண்டும் என்றால் நடக்கட்டும், முற்போக்கு பேசி அவரைக் கூசவைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் கதவருகே நின்று பெரியவர்களிடம் பேச ஒருவர் துணிய வேண்டும். பெரும்பாலும் நாத்தனாரோ மூத்த மருமகளோ பேசினால் எடுபடும். இஸ்லாமியக் குடும்பங்களில் மனைவி 4 மாதம் 10 நாள் இத்தா, அதாவது வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் காலம், இருப்பார். அப்போது பெண்கள் போய்ப் பார்ப்பதும், வெளிவேலைகளைச் செய்து கொடுப்பதும் பெரிய உதவி.

குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது?

'செத்துப் போயிட்டாங்க' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். "தூங்குறாங்க" என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் வாசலிலேயே காத்திருக்கும். "தாத்தா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யாது, வலிக்காது, மூச்சு வராது. திரும்ப வர மாட்டார். நீ எதுவும் பண்ணதால இல்ல." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். 'நான் சண்டை போட்டதால்தான்' என்று குழந்தைகள் மனதுக்குள் வைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குக் கீழே சாவு நிரந்தரம் என்பது புரியாததால் அதே கேள்வி பத்து முறை வரும். பத்து முறையும் அதே பதில். வகுப்பு ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

தற்கொலையால் இறந்தவர் வீட்டில்?

"ஏன்?" என்று கேட்காதீர்கள். கடிதம் இருந்ததா என்று விசாரிக்காதீர்கள். எப்படி நடந்தது என்பதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடக்கும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. பிணவறை வாசலில் குடும்பத்தோடு காத்திருக்க ஒருவர் வேண்டும். குடிக்கத் தண்ணீர், அடையாள அட்டை நகல்கள், போன் சார்ஜர் அவர் கையில் இருக்கட்டும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அந்த எண்ணம் வரலாம். "உனக்கும் செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாநில உதவி எண் 104, மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050.

வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல வேண்டாம். குழந்தையைப் பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா, பெயர் வைக்க வேண்டுமா என்று தாயிடம் கேட்காமல் அப்பாவோடு அனுப்பிப் புதைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த முகத்தைப் பார்க்காத ஏக்கம் வருடக் கணக்கில் நிற்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாதது இன்னொன்று: பிரசவமாகி இரண்டு முதல் நான்கு நாளில் பால் சுரக்கும். மார்பு கட்டி வலிக்கும்போது துக்கம் இரட்டிப்பாகும். இறுக்கமில்லாத, தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சுவது. முழுதாக எடுத்தால் மேலும் சுரக்கும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். வேலைக்குப் போகிறவராக இருந்தால், கருச்சிதைவுக்கும் 6 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. இனி நாங்கள் என்ன செய்ய முடியும்?

உங்கள் உதவி உண்மையில் தேவைப்படுவது பதினேழாம் நாளிலிருந்துதான். உறவுகள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஷாமியானா கழற்றியாயிற்று, சாப்பாட்டு கேரியர் வருவது நின்றிருக்கும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது அவர்மேல் இன்னொரு வேலையை வைப்பது. நாளும் நேரமும் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றேன், பேங்க்குக்குப் போயிட்டு வந்துடுவோம்." வேலைகளும் நிறைய இருக்கும். இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி, இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு, குடும்ப ஓய்வூதியம், கேஸ் இணைப்புப் பெயர் மாற்றம். இறந்தவரின் போனிலிருக்கும் படங்களையும் குரல் செய்திகளையும் வேறிடத்தில் சேமிக்காமல் அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். சட்டைகளை எப்போது கொடுத்துவிடுவது என்பதும் அந்த வீட்டாரின் முடிவு. பீரோவைக் காலி செய்ய நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டாமே? எவ்வளவு நாளில் சரியாகும்?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தை எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் சொன்னார். அவர் சொன்னது சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து. பிறகு அதைத் துக்கத்துக்கும் படிக்கட்டுபோல் ஆக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் யாருக்கும் துக்கம் வர வேண்டியதில்லை. காலையில் சிரித்துவிட்டு மதியம் உடைந்துபோவது இயல்பு.

ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் பிடித்து வைத்திருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கம் என்ற சிகிச்சைக்குரிய நிலையாகவே வகுத்திருக்கிறது. பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தினமும் குடிப்பது, எடை இறங்கிக்கொண்டே போவது, 'நானும் போயிடணும்' என்று சொல்வது இருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே மேலே சொன்ன எண்களில் கூப்பிடுங்கள்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. பேச்செடுத்தால் ஞாபகப்படுத்தி அழவைத்துவிடுவோமோ?

மறந்திருந்தால்தானே ஞாபகப்படுத்த? தலைத் திவசத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சிலருக்குத் தூக்கம் கெடும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளில், கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு கூட ஒருவர் போனால் போதும். முதல் தீபாவளி, முதல் பிறந்தநாள் எல்லாம் இப்படித்தான். காலையிலேயே ஒரு போன் செய்து, பெயரைச் சொல்லியே பேசுங்கள்: "இன்னிக்கு செல்வம் மாமா நாள்னு ஞாபகம் இருக்கு, அத்தை. சாயங்காலம் வரட்டுமா?"